கேமரா முக்காலி: ராமேஸ்வரம் கடற்கரை வழியாக ஒரு வரலாறு

கேமரா முக்காலி என்பது ஒளிப்படக் கருவியை அசையாமல் தாங்கி நிற்கும் மூன்று கால் தாங்கி ஆகும். கடைகளில் இதனை 'ட்ரைபாட்' என்றும், ஸ்டுடியோக்காரர்கள் பழைய வழக்கப்படி 'ஸ்டாண்டு' என்றும் சொல்வர். ஒளிப்படக்கலையின் முதல் அரை நூற்றாண்டில் இது இல்லாமல் படம் எடுப்பது அரிதாக இருந்தது. இன்று கைபேசியிலேயே படம் எடுத்துவிடலாம் என்பதால் பலர் இதனைத் தேவையற்ற சுமையாக எண்ணுகின்றனர். வாங்க விரும்பும் மாணவர்களோ, விலை மிகுந்த முக்காலிதான் உதவும், மலிவானது வீண் என்ற எண்ணத்தில் தயங்கி நிற்கின்றனர். இவ்விரு எண்ணங்களும் சரியல்ல என்பதை முக்காலியின் வரலாறே காட்டுகிறது. ராமநாதபுரம், ராமேஸ்வரம் கடற்கரைப் பகுதியை முன்வைத்து அந்த வரலாற்றையும், எடை குறைந்த, விலை குறைந்த முக்காலியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் மூன்று கால்?

நான்கு கால் பெஞ்சு ஒன்று வகுப்பறைத் தரையில் ஆடுவதையும், காகிதத்தை மடித்து ஒரு காலின் கீழ் வைத்தவுடன் ஆட்டம் நிற்பதையும் எல்லா மாணவர்களும் பார்த்திருப்பார்கள். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில் அமைந்தாலும் அமையும், அமையாமலும் போகும். அதனால்தான் மூன்று கால் உள்ள பொருள் மேடு பள்ளமான தரையிலும் ஆடாமல் நிற்கிறது. அடுப்புக்கு மூன்று கல் வைத்த நம் வீட்டுப் பெண்கள் இந்த வடிவியலை ஏட்டில் படிக்காமலே அறிந்திருந்தனர்.

ஆடாமல் நிற்பது வேறு, சாயாமல் நிற்பது வேறு. மூன்று காலடிகளையும் இணைத்தால் தரையில் ஒரு முக்கோணம் கிடைக்கும். கேமரா, லென்ஸ், முக்காலி எல்லாம் சேர்ந்த பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை முக்காலி சாயாது. கால்களை அகல விரித்தால் முக்கோணம் பெரிதாகும். உயரத்தைக் குறைத்தால் ஈர்ப்பு மையம் தாழும். இரண்டும் உறுதியைக் கூட்டும். முக்காலியைப் பற்றிய நடைமுறை அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கின்றன.

மாட்டுவண்டிக் காலம்

1839-இல் பிரான்சில் டாகேர் தம் ஒளிப்பட முறையை அறிவித்தார். ஒரு படத்துக்கு ஒளி விழ வேண்டிய நேரம் அப்போது நிமிடக் கணக்கில் இருந்தது. அவ்வளவு நேரம் எந்தக் கையும் நடுங்காமல் இருக்க முடியாது. எனவே கேமரா பிறந்த நாளிலிருந்தே அதற்கு ஒரு தாங்கி தேவைப்பட்டது. கேமரா பெரிய மரப்பெட்டியாக இருந்ததால் தாங்கியும் கனத்த மரத்தால் ஆனது.

தமிழகத்தில் அந்தக் காலத்தின் சிறந்த சான்று லின்னேயஸ் ட்ரைப் (1822–1902) எடுத்த படங்கள். சென்னைப் படைப்பிரிவில் அதிகாரியாக இருந்த இவர் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 இறுதியில் தொடங்கி 1858-இன் முதல் மாதங்கள் வரை ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைச் சுற்றிப் படம் எடுத்தார். மெழுகு தோய்த்த காகிதமே அவருடைய எதிர்ப்படம். அதன் அளவு ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம். படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி அப்போது இல்லாததால், பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கேமராவே வேண்டும். பெரிய கேமராவுக்குப் பெரிய தாங்கி வேண்டும். இத்தனையையும் ஏற்றிச் செல்ல மாட்டுவண்டி வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை ட்ரைப் எடுத்த முறை மாணவர்கள் அறிய வேண்டியது. சுவரை ஒட்டிக் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒன்றாக ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அதனை உருவாக்கினார். கேமராவின் உயரமும் சுவரிலிருந்து அதன் தொலைவும் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருந்தால்தான் எழுத்து வரிகள் ஒன்றோடொன்று பொருந்தும். அதை வெறும் கையால் செய்ய இயலாது, தாங்கியால்தான் முடியும். முக்காலி என்பது நடுக்கத்தைத் தடுக்கும் கருவி மட்டுமன்று, நின்ற இடத்தையும் உயரத்தையும் காத்துத் தரும் அளவுக் கருவியும் ஆகும் என்பதற்குத் தமிழ் மண்ணில் கிடைக்கும் தொடக்ககாலச் சான்று இது.

ட்ரைப் வெளியிட்ட தொகுதிகளின் தலைப்புகளில் ராமேஸ்வரம் இல்லை. பாம்பன் கால்வாய்க்கு மேல் அன்று பாலம் இல்லை. அவ்வளவு சுமையையும் படகில் ஏற்றித்தான் தீவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். சென்று சேர்ந்தாலும் வேறொரு தடை காத்திருந்தது. ராமநாதசுவாமி கோயிலின் புகழ்பெற்ற மூன்றாம் பிராகாரம் 18-ஆம் நூற்றாண்டில் சேதுபதி மன்னர்களால் கட்டி முடிக்கப்பட்டது. அதன் தூண்கள் 1212 என்று கணக்கிடப்படுகின்றன. மேற்கூரையால் மூடப்பட்டு, பக்கவாட்டிலிருந்து மட்டும் ஒளி கசியும் அந்த நீண்ட பாதையை அன்றைய எதிர்ப்படங்களில் பதிக்கக் கேமரா நெடுநேரம் அசையாமல் நிற்க வேண்டும். தாங்கி இல்லாமல் அந்தப் பிராகாரத்தின் பழைய படம் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

ட்ரைபின் பணி நீண்ட நாள் நடக்கவில்லை. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன் செலவைக் காரணம் காட்டி அந்தத் திட்டத்தை முடித்துவைத்தார். அரசின் பணத்தாலும் மாட்டுவண்டியாலும் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு வேலை, பணம் நின்றவுடன் தானும் நின்றுவிட்டது. எடையும் விலையும் ஒரு கலையின் எல்லையை எப்படி வரையறுக்கின்றன என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

எடை குறைந்த கதை

1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அறிவித்த ஈரத்தட்டு முறை வேகமானது. ஆனால் சுமையைக் குறைக்கவில்லை. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காயும் முன்பே படம் எடுத்துக் கழுவிவிட வேண்டும். எனவே இருட்டுக் கூடாரம், வேதிப்பொருள் புட்டிகள், தண்ணீர் எல்லாம் கேமராவோடு பயணம் செய்தன. 1863-இல் சிம்லாவிலிருந்து இமயமலைக்குப் புறப்பட்ட சாமுவேல் போர்ன் சுமார் 30 சுமைகூலிகளுடன் சென்றார்.

மாற்றம் 1871-இல் தொடங்கியது. ரிச்சர்டு மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் ஜெலட்டின் உலர்தட்டு முறையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் தொழிற்சாலையில் செய்த உலர்தட்டுகள் கடைக்கு வந்தன. இருட்டுக் கூடாரம் தேவையற்றுப் போயிற்று. ஒளி விழும் நேரம் வினாடியின் பின்னங்களாகக் குறைந்தது. 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மனின் கோடாக் கேமரா கையில் பிடித்தே எடுக்கும்படி வந்தது. 1925-இல் 35 மி.மீ. படச்சுருளைப் பயன்படுத்தும் லைகா விற்பனைக்கு வந்தபின், செய்தி ஒளிப்படக்காரர்கள் தாங்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வெளியே போகத் தொடங்கினர்.

நம் ஊர் ஸ்டுடியோக்களில் மட்டும் மரத்தாங்கியின் ஆட்சி இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. கேரளத்தின் ஆலப்புழையில் 1940-களில் தொடங்கிய வாகீஸ்வரி நிறுவனம் தேக்கு மரத்தாலும் பித்தளையாலும் செய்த கேமராக்களை இந்தியா முழுவதும் விற்றது. இத்தகைய துருத்திக் கேமராக்களை மரத்தாங்கியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துப் படம் எடுப்பர். பள்ளி ஆண்டு இறுதியில் ஆசிரியர்கள் நாற்காலியில் அமர, மாணவர்கள் பெஞ்சுகளின் மேல் அடுக்கடுக்காக நிற்க, 'யாரும் அசையாதீர்கள்' என்ற குரலுக்குப்பின் எடுக்கப்பட்ட குழுப்படங்கள் அப்படி வந்தவை. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் கடைசி வரிசை மாணவனின் முகம்கூடத் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் பெரிய எதிர்ப்படமும் அசையாத தாங்கியும்தான்.

கைக்கேமரா வந்தபின் முக்காலி அழிந்துவிடவில்லை. அதன் வேலை மாறியது, உடலும் மெலிந்தது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் உலோகக் குழாய்க் கால்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலுமினியம் பொது வழக்காயிற்று. 1955-இல் தொடங்கிய வெல்பான் முதலிய ஜப்பானிய நிறுவனங்களும், 1970-களில் இத்தாலியின் மன்ஃப்ரோட்டோவும் அமெச்சூர் கலைஞர்களின் கைக்கு எட்டும் முக்காலிகளைச் செய்தன. 1994-இல் பிரெஞ்சு நிறுவனமான கிட்ஸோ கார்பன் இழைக் கால்களைக் கொண்டுவந்தது. அதே அளவுள்ள அலுமினிய முக்காலியைவிடக் கார்பன் இழை முக்காலி ஏறத்தாழ கால் பங்கு எடை குறைவு. விலையோ பல மடங்கு.

இத்தனை மாற்றத்துக்கு நடுவிலும் மாறாத ஒன்று உண்டு. கேமராவின் அடியில் உள்ள திருகுத் துளையின் குறுக்களவு கால் அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 புரி. பெரிய கருவிகளுக்கு எட்டில் மூன்று அங்குலம், 16 புரி. உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட தரம் இது. ஆகவே தாத்தா காலத்துக் கேமராவையும், இன்றைய கைபேசிப் பிடிப்பானையும் ஒரே முக்காலியில் பெரும்பாலும் பொருத்திவிடலாம்.

கடற்கரையின் சோதனை: காற்று, மணல், உப்பு

முக்காலியைக் கடையின் சலவைக்கல் தரையில் விரித்துப் பார்த்து வாங்குவது எளிது. அதன் உண்மையான தேர்வு பாம்பனிலும் தனுஷ்கோடியிலும் நடக்கிறது.

முதல் சோதனை காற்று. 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றளவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் ரயில்கள் அந்தப் பாலத்தில் அனுமதிக்கப்படவில்லை. ரயிலையே நிறுத்தும் காற்று ஒன்றரைக் கிலோ முக்காலியை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது பொருளின்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். நீளமான லென்ஸும் தோளில் தொங்கும் அகலமான பட்டையும் காற்றுக்குப் பாய்மரம் போல ஆகிவிடும். காற்றில் கேமராப் பட்டையைக் கழற்றிவிடச் சொல்வது இதனால்தான்.

இக்கடற்கரை மீனவர்கள் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தென்மேற்குப் பருவத்தில் வீசுவது கச்சான்; வடகிழக்குப் பருவத்தில் வருவது வாடை. கச்சான் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும். வாடையில் நிலைமை தலைகீழாகும். தனுஷ்கோடியில் இவ்விரு கடல்களுக்கும் இடையில் உள்ள நிலம் மிகக் குறுகியது. பருவத்தை அறிந்து நிற்கும் பக்கத்தைத் தேர்ந்துகொள்பவருக்கு எடை குறைந்த முக்காலியே போதும். அறியாதவருக்கு எத்தனை கனமான முக்காலியும் போதாது.

இரண்டாவது சோதனை மணல். ஈர மணலில் நிற்கும் முக்காலி, அலை வந்து திரும்பும்போது கால்களின் அடியிலிருந்து மணல் அரிக்கப்பட்டு மெல்லச் சாயும். கால்களை முதலிலேயே அழுத்திப் புதைத்துவிட வேண்டும். உலர்ந்த மணலில் ஒவ்வொரு காலின் கீழும் ஒரு தட்டையான பொருளை வைத்தால் அழுத்தம் பரவும். கவிழ்த்து வைத்த கொட்டாங்கச்சி மூன்று போதும், காசு செலவில்லை. மணல் துகள் பூட்டுகளுக்குள் புகுந்தால் குழாய்கள் உரசித் தேயும். ஆகவே கடற்கரையில் மெல்லிய கடைசிக் கட்டத்தை முதலில் சிறிது நீட்டிக்கொள்வது நல்லது. அப்போது பூட்டு மணலுக்கு மேலே நிற்கும்.

மூன்றாவது சோதனை உப்பு. பாம்பன் பாலத்தின் இரும்பு கடல் அரிப்பிலிருந்து தப்ப ஓயாமல் பராமரிக்கப்பட்டது. அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் உப்பு நீர் படிந்தால் அதன் மேல் சிறு குழிகள் விழும், வெண்ணிறப் பொடி படியும். திருகுகள் எஃகாக இருந்தால் இரு உலோகங்கள் சேரும் இடத்தில் அரிப்பு இன்னும் விரைவாகும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, கால்களை முழுவதும் நீட்டி நிழலில் உலர்த்த வேண்டும். இந்த ஐந்து நிமிட வேலை மலிவான முக்காலியின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டும்.

2010 கங்கண சூரிய கிரகணம்

எடை குறைந்த முக்காலியின் பயனை இக்கடற்கரையில் பலரும் ஒரே நாளில் கண்ட நிகழ்ச்சி 2010 ஜனவரி 15-ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம். கிரகணத்தின் மையப்பாதை தனுஷ்கோடிக்கு மிக அருகே சென்றது. சூரியன் வளையமாகத் தெரிந்த நேரம் அங்கே சுமார் 10 நிமிடம். ராமேஸ்வரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் வானியல் ஆர்வலர்களும் மாணவர்களும் திரண்டனர்.

அன்று தனுஷ்கோடிக்கு இன்றுள்ள சாலை இல்லை. முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் சேற்றிலும் வேனில் ஆடி ஆடிச் செல்ல வேண்டும், அல்லது நடக்க வேண்டும். அரிச்சல்முனை வரையிலான சாலை 2017-இல்தான் திறக்கப்பட்டது. தூக்கிச் செல்லக்கூடிய கருவியே அங்கே பயன்படக்கூடிய கருவி.

கிரகணப் படத்துக்கு முக்காலி ஏன் தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. படத்தில் விழும் சூரிய வட்டத்தின் குறுக்களவு, லென்ஸின் குவியத் தூரத்தை 109-ஆல் வகுத்தால் கிடைக்கும். 400 மி.மீ. லென்ஸில் அது 3.7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. வானத்தில் சூரியன் தன் குறுக்களவுத் தூரத்தை ஏறத்தாழ 2 நிமிடத்தில் கடக்கும். பத்து நிமிட வளையத்தை வரிசையாகப் படமெடுக்க வேண்டுமானால், நீண்ட லென்ஸை மேல்நோக்கி நிறுத்தி, சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பிற்பகல் 1 மணியைக் கடந்து நடந்த அந்தக் கிரகணத்தின்போது சூரியன் அடிவானத்திலிருந்து 55 பாகைக்கு மேல் இருந்தது. அவ்வளவு மேல்நோக்கிச் சாய்த்தால் முக்காலியின் தலைப்பகுதி தளர்ந்து இறங்கக் கூடாது. மலிவான முக்காலிகளில் கால்களைவிடத் தலைப்பகுதிதான் முதலில் ஏமாற்றும் உறுப்பு. வாங்கும்போது சோதிக்க வேண்டியதும் அதைத்தான். (சூரியனை நோக்கும் கேமராவுக்கும் கண்ணுக்கும் உரிய வடிகட்டி கட்டாயம் என்பதை மாணவர்கள் மறக்கக் கூடாது.)

இதே பாக் நீரிணைப் பகுதியின் வழியே 1871 டிசம்பர் 12 அன்று ஒரு முழுச் சூரிய கிரகணப் பாதை சென்றது. பேக்கல், நீலகிரி, புதுக்கோட்டை வழியாக அது யாழ்ப்பாணத்தை அடைந்தது. பேக்கலிலும் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் ஐரோப்பிய அறிஞர்கள் அதனைப் படம் பிடித்தனர். அதற்குத் தொலைநோக்கிகள், கனத்த தாங்கிகள், ஈரத்தட்டுக் கூடாரங்கள், அரசின் உதவி எல்லாம் வேண்டியிருந்தன. 139 ஆண்டுகளுக்குள் அந்த வேலை ஒரு கல்லூரி மாணவரின் தோள்பையில் அடங்கிவிட்டது.

குறைந்த விலை முக்காலியைத் தேர்ந்தெடுத்தல்

ஆயிரம் ரூபாய் முதல் மூவாயிரம் ரூபாய் வரையிலான அலுமினிய முக்காலிகளே மாணவர்கள் பெரும்பாலும் வாங்குபவை. அவற்றுள் நல்லதைப் பிரித்தறியக் கீழ்க்காணும் வழிகள் உதவும்.

முதலில் தாங்க வேண்டிய எடையைக் கணக்கிடுக. தொடக்கநிலை டிஜிட்டல் கேமராவும் அதனுடன் வரும் லென்ஸும் சேர்ந்து முக்கால் கிலோ அளவில் இருக்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட தாங்குதிறன் அதைப்போல் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். அச்சிட்ட எண் என்பது உடையாமல் தாங்கும் எடை. நடுங்காமல் தாங்கும் எடை அதைவிடக் குறைவு.

இரண்டாவது, கால்களின் கட்டங்கள். மூன்று கட்டக் கால் மடக்கினால் சற்று நீளமாக இருக்கும். ஐந்து கட்டக் கால் பைக்குள் அடங்கும். ஆனால் கட்டம் கூடக் கூடக் கடைசிக் குழாய் மெலியும். குழாயின் சுவர்த் தடிமன் மாறாமல் குறுக்களவு மட்டும் பாதியானால், வளையாமல் நிற்கும் திறன் எட்டில் ஒரு பங்காகக் குறையும். எனவே விலையும் எடையும் ஒன்றாக இருந்தால் கட்டங்கள் குறைந்ததே மேல். பேருந்தில் செல்பவருக்கு நான்கு கட்டம் நல்ல நடுவழி.

மூன்றாவது, உயரம். நடுத்தண்டை உயர்த்திய பிறகு கிடைக்கும் உயரத்தையே விற்பனையாளர் பெரிதாகச் சொல்வார். நடுத்தண்டு உயர்ந்தால் முக்காலி ஒற்றைக் கால் கொம்பாகிவிடும். தண்டை இறக்கிய நிலையில் கேமரா நம் மார்பு அல்லது மோவாய் உயரத்துக்கு வந்தால் போதும். கண் உயரம் வேண்டுமென்று கேட்டால் எடையும் விலையும் ஏறும். இன்றைய கேமராக்களின் பின்திரையைக் குனிந்து பார்ப்பது கடினமன்று.

நான்காவது, தலைப்பகுதி. மூன்று திசைக் கைப்பிடி உள்ள தலை கட்டடம், நிலக்காட்சி போன்றவற்றை ஒழுங்காக அமைக்க உதவும். பந்துத் தலை எடை குறைவு, விரைவாகத் திரும்பும், பறவைகளுக்கு ஏற்றது. எதுவானாலும் கடையிலேயே நம் கேமராவைப் பொருத்தி, லென்ஸை மேல்நோக்கிச் சாய்த்துப் பூட்டி, ஒரு நிமிடம் காத்திருந்து பார்க்க வேண்டும். இறங்கினால் அது வேண்டாம்.

ஐந்தாவது, பூட்டுகள். நெம்பிப் பூட்டும் வகை விரைவானது. பூட்டியதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். திருகிப் பூட்டும் வகையைக் கழற்றிக் கழுவுவது எளிது, மணல் கடற்கரைக்கு அது நல்லது. பிளாஸ்டிக் பூட்டாக இருந்தால் அதன் ஆணி உலோகமா என்று பார்க்க வேண்டும்.

ஆறாவது, சிறு உறுப்புகள். நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி வேண்டும். ரசமட்டம் இருந்தால் நன்று. கேமராவோடு இணையும் தட்டு தனித்தும் கடையில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தட்டு தொலைந்து, மாற்றுத் தட்டு கிடைக்காவிட்டால் முக்காலி முழுவதும் பயனற்றுப் போகும்.

எடை குறைந்த முக்காலியின் குறையைச் சரிசெய்ய எடையை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கொக்கியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு அதில் மணலோ கல்லோ நிரப்பினால் போதும். பை ஊசலாடினால் நடுக்கம் கூடும். ஆகவே அதன் அடி தரையை இலேசாகத் தொட வேண்டும். போகும்போது எடை இல்லை, நிற்கும்போது எடை உண்டு, திரும்பும்போது மணல் மணலோடு போய்விடும். கேமராவின் பொத்தானை விரலால் அழுத்தாமல் 2 வினாடித் தாமதத்தை அமைத்துக்கொள்வதும் செலவில்லாத வழி. கையில் பிடித்து எடுப்பதற்கு ஒரு பழைய விதி உண்டு: 200 மி.மீ. லென்ஸுக்கு வினாடியில் 200-இல் ஒரு பங்குக்கும் மெதுவாகப் போகக் கூடாது. அதைவிட மெதுவாக எடுக்க வேண்டிய இடத்தில் முக்காலியை விரிக்க வேண்டும்.

எங்கே விரிக்கலாம்?

முக்காலி வைத்திருப்பது எங்கும் விரிக்கும் உரிமையைத் தந்துவிடாது. ராமநாதசுவாமி கோயிலுக்குள் கேமராவும் கைபேசியும் அனுமதிக்கப்படுவதில்லை. இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் கைக்கேமராவுக்கு இடமுண்டு, தாங்கி வைத்து எடுக்க முன்அனுமதி வேண்டும். ராமநாதபுரத்தில் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள ராமலிங்க விலாசம் அரண்மனையில் சேதுபதி காலச் சுவரோவியங்கள் உள்ளன. மின்னல்விளக்கு ஓவிய வண்ணங்களுக்கு நல்லதன்று. மங்கிய ஒளியில் அவற்றை முறையாகப் பதிவு செய்ய விரும்பும் ஆய்வு மாணவர் துறையிடம் அனுமதி பெற்று முக்காலியைப் பயன்படுத்துவதே ஓவியத்துக்கும் படத்துக்கும் நன்மை.

மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறையின் அனுமதியின்றிச் செல்ல முடியாது. தனுஷ்கோடியில் 2025 ஜூனில் பூநாரைகளுக்கென ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பறவைகளை நெருங்கிச் சென்று விரட்டாமல், தொலைவில் முக்காலியை ஊன்றிக் காத்திருப்பவருக்கே நல்ல படம் கிடைக்கும்.

நின்ற இடத்தைக் காத்தல்

1880-களின் இறுதியில் ஆல்ப்ஸ் மலைப் பனியாறுகளை ஆராய்ந்த செபாஸ்டியன் ஃபின்ஸ்டர்வால்டர், அளந்து குறித்த இடங்களிலிருந்து அவற்றைப் படம் எடுத்தார். பின்னாளில் அதே இடத்தில் நின்று எடுத்த படங்களோடு ஒப்பிட்டபோது பனி எவ்வளவு பின்வாங்கியது என்பது தெரிந்தது. மீள்ஒளிப்படம் என்னும் இந்த முறைக்கு வேண்டியவை கேமரா, முக்காலி, ஒரு குறிப்பேடு மட்டுமே.

இந்த முறை மிகத் தேவைப்படும் கடற்கரைகளில் ஒன்று நம்முடையது. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. எஞ்சிய தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் இடிபாடுகளும் ஆண்டுதோறும் உப்புக் காற்றில் உதிர்கின்றன. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கடலின் அடையாளமாக இருந்த காட்சி மாறிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் இவற்றைப் படம் எடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில், ஒவ்வோர் உயரத்தில் நின்று எடுத்தவை அவை. ஒரு சுவர் பத்தாண்டில் எத்தனை அடி குறைந்தது, கரை எவ்வளவு தூரம் உள்ளே வந்தது என்று அவற்றைக் கொண்டு அளப்பது கடினம்.

கடற்கரைப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் இதனை எளிதாகச் செய்யலாம். எளிதில் மறையாத அடையாளம் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்து, முக்காலியின் நடுவிலிருந்து கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அது தொடும் புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து லென்ஸின் உயரம், லென்ஸின் குவியத் தூரம், நோக்கிய திசை, நாள், நேரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஆண்டுக்கு இரு முறை, கச்சானுக்குப் பின் ஒன்றும் வாடைக்குப் பின் ஒன்றும், அதே புள்ளியில் அதே உயரத்தில் நின்று படம் எடுக்க வேண்டும். கேமரா மாறலாம், எடுக்கும் மாணவர் மாறலாம். நின்ற இடம் மாறக் கூடாது.

தஞ்சையில் 21 படங்களை ஒரே உயரத்தில் எடுக்க ட்ரைபுக்கு அரசின் ஆணையும் மாட்டுவண்டியும் தேவைப்பட்டன. ஆணையை நிறுத்தியதும் பணி நின்றது. இன்று மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் முக்காலியைக் கொண்டு அந்த வேலையை ஒரு பள்ளி தானே நடத்தலாம், அதை நிறுத்தும் அதிகாரம் எந்த ஆளுநருக்கும் இல்லை. எனவே முக்காலி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, எது மிக உயர்ந்தது என்பதன்று. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அதே இடத்துக்குச் சலிப்பில்லாமல் தூக்கிச் செல்ல எது ஏற்றது என்பதே.